பைய நடங்க, அத்தை

அத்தைக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்த வாரத்தில், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆப்பிளையும் ஹார்லிக்ஸையும் வைத்துவிட்டு ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். "இனிமே ஒண்ணையும் தூக்கக் கூடாது மதினி. குனியக் கூடாது. மாடிப்படி பக்கமே போயிராதீங்க." சின்ன மாமனார் ஒரு படி மேலே போய், கட்டிலை ஹாலுக்கே கொண்டுவந்து போடச் சொன்னார். டி.வி. பார்க்கக்கூட எழுந்து வர வேண்டாமாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டிலோ, மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே கடைசி வரியாக, தினமும் நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. மாத்திரைகளுக்கு மூன்று அறை வைத்த டப்பா வந்துவிட்டது. கடைசி வரியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அத்தை என்றால் என் மாமியார். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, மதுரை சிம்மக்கல் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவர். அப்போது வயது 67. உட்கார்ந்து சாப்பிட்ட உடம்பு இல்லை. அம்மியில் அரைத்து, ஆட்டுக்கல்லில் மாவாட்டி, தெருமுனை அடிபம்பில் குடம் குடமாகத் தண்ணீர் அடித்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். பிறகு மிக்ஸி வந்தது, கிரைண்டர் வந்தது, வீட்டுக்குள் குழாய் வந்தது, கடைசியாக வாஷிங் மெஷினும் வந்தது. எல்லாமே வர வேண்டியவைதான். அம்மியைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அம்மியில் அரைக்காதவர்கள். ஆனால் அந்த வேலைகள் போன இடத்தில் வேறு அசைவு எதுவும் வந்து சேரவில்லை. மாலை ஆறரைக்குச் சீரியல் தொடங்கினால் பத்து மணி வரை அத்தை நாற்காலியை விட்டு எழுவதில்லை. அதற்குள் பிபியும் சர்க்கரையும் வந்து நிலைகொண்டுவிட்டன.

நெஞ்சு வலிக்கிறது என்று அவர் சொல்லவே இல்லை. வடாம் காயப்போட மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே முதுகில் யாரோ கையை வைத்து அழுத்துகிறார்கள் என்றார். தாடை வலித்ததைப் பல் வலி என்று எண்ணிக் கிராம்பை வைத்துக்கொண்டார். மற்றதெல்லாம் வாயு; வாயுவுக்குச் சுக்குக் கஷாயம். ஒரு ராத்திரி வியர்த்துக் கொட்டி வாந்தி எடுத்தபோது, பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கிலும் வாயுவுக்கே ஊசி போட்டு அனுப்பினார்கள். ஈசிஜி எடுக்கவில்லை. மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் அதிகம் காணப்படும் அறிகுறி. ஆனால் மூச்சுத் திணறல், முதுகு வலி, தாடை வலி, குமட்டல், காரணம் தெரியாத அசதி இவையெல்லாம் ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாக வரும். மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜன் ஓரளவு அரணாக இருக்கிறது. அதனால் பெண்களுக்கு இதய நோய் ஆண்களைவிட ஏழு முதல் பத்து ஆண்டு வரை தள்ளி வருகிறது. தள்ளி வருவதை வரவே வராது என்று எடுத்துக்கொண்ட தலைமுறை அத்தையுடையது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது சினிமாவில் அப்பாக்கள் செய்யும் காரியம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அசையாதீர்கள் என்று சொன்ன சொந்தக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் மருத்துவமே அதைத்தான் சொன்னது. போன நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் வரைகூடப் படுக்கையில் கிடத்தி வைத்திருந்தார்கள். அப்படிக் கிடந்தவர்களுக்குக் காலில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரை எடுத்ததும் உண்டு. 1952இல் பாஸ்டனில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்ற இரண்டு மருத்துவர்கள் நோயாளிகளைக் கட்டிலிலிருந்து இறக்கிக் கை வைத்த நாற்காலியில் உட்கார வைத்ததாக எழுதினார்கள். உட்கார வைத்தது மட்டும்தான். அந்தக் காலத்தில் அதுவே பெரிய துணிச்சல். மருத்துவம் அந்த நாற்காலியை விட்டு எழுந்து எவ்வளவோ தூரம் நடந்து வந்துவிட்டது. எங்கள் சின்ன மாமனார் இன்னும் கட்டிலிலேயே இருந்தார்.

மறுபரிசோதனைக்குப் போனபோது பிசியோதெரபி பக்கம் அனுப்பினார்கள். அங்கே ஆறு நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் நீளமான வராந்தா, இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு, கூம்புக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. உசிலம்பட்டிப் பக்கத்துப் பேச்சோடு ஒரு சின்னப் பெண்தான் பிசியோதெரபிஸ்ட். பிபி பார்த்து, அத்தையின் விரலில் கிளிப்பை மாட்டிவிட்டுச் சொன்னார்: "இது போட்டி இல்லம்மா, ஓடக் கூடாது. ஆறு நிமிசத்துல உங்களுக்கு எம்புட்டு முடியுதோ அம்புட்டு நடங்க. மூச்சு வாங்குனா நில்லுங்க, சுவத்துல சாஞ்சுக்கங்க. கடிகாரத்த மட்டும் நான் நிறுத்த மாட்டேன்."

அத்தை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு செருப்பைக் கழற்றப் போனார். சுற்றி நடப்பது என்றால் அவருக்குக் கோயில்தான். "செருப்போடவே நடங்கம்மா" என்று அந்தப் பெண் சிரித்தார். முதல் இரண்டு சுற்று வேகமாகத்தான் நடந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைபோல, தன்னைப் பார்க்கிறார்கள் என்ற வேகம் அது. மூன்றாவதில் நின்றுவிட்டார். இடது கையைச் சுவரில் ஊன்றி, வாயால் மூச்சு விட்டு, போதுமா என்று கேட்பது போல என்னைப் பார்த்தார். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அத்தை தானாகவே கையை எடுத்து, இந்த முறை மெதுவாக, கடைசி வரை நிற்காமல் நடந்தார். 210 மீட்டர்.

முடிந்ததும் ஓர் அட்டையை நீட்டினார்கள். 6இல் தொடங்கி 20இல் முடியும் எண்கள். ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் என்ற உளவியலாளர் வகுத்த அளவுகோல் அது. 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 20 என்றால் இனி ஒரு அடிகூட முடியாது. அத்தை 13இல் விரலை வைத்தார். "தினமும் இதுக்குள்ளயே நடங்க. 11, 12, 13. அதுக்கு மேல வேணாம்."

நாடித் துடிப்பைப் பார்த்து நடக்க வேண்டாமா என்று கேட்டேன். அத்தை சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று பீட்டா பிளாக்கர். துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைப்பதே அதன் வேலை. 220இலிருந்து வயதைக் கழித்துப் போடும் கணக்கு அவருக்குச் செல்லாது. "பேசிக்கிட்டே நடக்க முடியணும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அம்புட்டுத்தான் வேகம்" என்றார் அந்தப் பெண். பேச்சைப் பொறுத்தவரை அத்தைக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கே நடப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. எங்கள் தெருவில் ஐந்து மணிக்கு நாய்கள், ஆறு மணிக்குத் தண்ணி லாரி, ஏழு மணிக்கு ஸ்கூல் வேன். சித்திரை வீதிக்குப் போனோம். மீனாட்சியம்மன் கோயில் மதிலைச் சுற்றி நான்கு பக்கமும் ஓடும் வீதி, வண்டிகள் உள்ளே வரக் கூடாது, தரையில் கல் பாவியிருக்கிறது. ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முதலில் முழுச் சுற்றுக்கு ஆசைப்படவில்லை. கிழக்குக் கோபுரத்திலிருந்து தெற்குக் கோபுரம் வரை போய், உட்கார்ந்துவிட்டு, திரும்பிவிடுவோம்.

"பைய நடங்க, அத்தை."

"பையத்தானத்தா நடக்குறேன். நீதான் இழுக்குற."

பூக்கட்டும் அம்மா ஒருவர், "என்னக்கா, வேண்டுதலா?" என்று கேட்டார். அத்தை தயங்காமல் "ஆமா" என்றுவிட்டார். உடம்புக்காக நடக்கிறேன் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். 67 வயதுப் பெண் தனக்காக ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு தெருவில் நடப்பதைவிட, சாமிக்காக நடப்பது எல்லோருக்கும் எளிதாகப் புரிகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வயதான பெண்கள் விடியற்காலையில் யாரிடமும் காரணம் சொல்லாமல் வீட்டைவிட்டு வெளியே வர முடிகிறதென்றால், அந்த அனுமதியைக் கொடுத்தவள் மீனாட்சிதான். திருவனந்தல் பூசைக்கு வரும் பெண்கள் எத்தனையோ காலமாக நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். யாரும் அதை உடற்பயிற்சி என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வேண்டுதல் என்று சொல்லிவிட்டதால் ஒரு சிக்கல் வந்தது. செருப்பில்லாமல் நடந்தால்தான் முறை என்று ஆரம்பித்தார். சர்க்கரை நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறையும். முள் குத்தினாலும் கல் சுட்டாலும் தெரியாது, தெரியும்போது புண்ணாகியிருக்கும். சித்திரை மாதம் எட்டு மணிக்கெல்லாம் அந்தக் கல் கொதிக்கத் தொடங்கிவிடும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஷூ வாங்கலாம் என்றால், "சேலைக்கு ஷூவா? ஊரே சிரிக்கும்" என்றார். கடைசியில் பின்பக்கம் வார் வைத்த செருப்பில் சமாதானமானோம்.

இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் சார்பிட்ரேட் மாத்திரை இருக்கும். நெஞ்சை அடைப்பதுபோல் இருந்தால் முதலில் உட்கார வேண்டும், பிறகுதான் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். நின்றபடி வைத்தால் பிபி சட்டென்று இறங்கி விழுந்துவிடலாம். அந்த மாத்திரை உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடாக மாறித்தான் ரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. நடக்கும்போது ரத்தம் வேகமாக ஓடிக் குழாயின் உள்சுவரை உரசுகிறது; அந்தச் சுவர் தானே நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூன்று அமெரிக்கர்களுக்கு 1998இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். விளக்கிச் சொன்னேன். "அப்ப நான் வாயுன்னு சொன்னது சரிதான" என்றார் அத்தை.

நடந்தால் இதயம் வலுவாகும் என்று பொதுவாகச் சொல்கிறோம். வயதானவர்களிடம் முதலில் தேறுவது கால்கள்தான். பழகிய தொடைச் சதையும் கெண்டைச் சதையும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை நன்றாக எடுத்துக்கொள்ளும். அதே தூரத்தைக் கடக்க இதயம் குறைவாக அடித்தால் போதும். அத்தை மாடிக்கு மறுபடி வடாம் எடுத்துப் போனபோது நான் கவனித்தது அவர் மூச்சைத்தான், தேறியிருந்தது அவர் கால்கள்.

பேரன் தன் பங்குக்கு ஃபோனில் அடி எண்ணும் ஆப் போட்டு, பத்தாயிரம் என்று இலக்கு வைத்துக் கொடுத்தான். அத்தை 3,000ஐத் தாண்டவே திணறினார். ராத்திரியானால் ஃபோன் இன்னும் ஏழாயிரம் பாக்கி என்று காட்டும். "கடன்காரன் மாதிரி கேக்குதுடா இது." அந்தப் பத்தாயிரத்துக்குப் பின்னால் மருத்துவம் இல்லை. 1965இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது வைத்த எண் அது. வயதான பெண்களிடம் இதை உண்மையில் எண்ணிப் பார்த்தவர் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ. சராசரி வயது 72 உள்ள 16,741 அமெரிக்கப் பெண்களின் இடுப்பில் கருவியைக் கட்டிவிட்டுச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியிட்டார். ஒரு நாளைக்கு 2,700 அடி அளவில் நடந்தவர்களைவிட 4,400 அடி அளவில் நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500 வரை பலன் கூடியது, பிறகு அப்படியே நின்றுவிட்டது. மொத்த அடிகளைக் கணக்கில் எடுத்த பிறகு, வேகமா பையவா என்பது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை. உடம்பு முடிகிறவர்கள்தானே அதிகம் நடப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், இந்த வகை ஆய்வால் அந்தச் சந்தேகத்தை முழுக்கத் தீர்க்க முடியாது. பேரன் இலக்கை 4,500 என்று மாற்றினான். அன்றிலிருந்து ஃபோனுக்கும் அத்தைக்கும் சண்டையில்லை.

2002ஆம் ஆண்டில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் இதயம் காப்பாற்றப்படும் என்று அதுவரை பரவலாக நம்பினார்கள். அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து அதைச் சோதித்தார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த அந்த மாத்திரையால் நன்மையைவிடக் கெடுதல் அதிகம், மார்பகப் புற்றுநோயோடு மாரடைப்பும் கூடுகிறது என்று தெரிந்து, அந்த ஜூலையில் சோதனையை நடுவிலேயே நிறுத்தினார்கள். பெரிய செய்தியானது. அதே ஆய்வுத் திட்டத்தின் இன்னொரு பிரிவில், 50 முதல் 79 வயது வரையுள்ள 73,743 பெண்களின் நடைப் பழக்கத்தைக் கவனித்து வந்தார்கள். கைவீசி நடந்த பெண்களுக்கு இதய நோய் குறைந்திருந்தது, கடுமையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்குக் குறைந்திருந்த அதே அளவுக்கு. நெடுநேரம் உட்கார்ந்தே இருந்தவர்களுக்குக் கூடியிருந்தது. இது வந்தது அந்த ஆண்டு செப்டம்பரில். மாத்திரை தோற்றது தலைப்புச் செய்தி ஆன அளவுக்கு நடை ஜெயித்தது ஆகவில்லை. நடையை விற்க யாருக்கும் கம்பெனி இல்லை.

"நான்தான் வீட்டுக்குள்ள நாள் பூரா நடக்குறேனே" என்பது அத்தையின் பழைய வாதம். அவர் வயதுப் பெண்கள் எல்லோரும் சொல்வது. டாக்டர்கள் பெரும்பாலும் காதில் வாங்காதது. 2019இல் ஆன்ட்ரியா லக்ராய் குழுவினர் 63 முதல் 97 வயது வரையுள்ள 5,861 பெண்களை வைத்துப் பார்த்ததில், பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, மெல்ல நடமாடுவது போன்ற இலேசான அசைவு அதிகமாக இருந்தவர்களுக்கு, குறைவாக இருந்தவர்களைவிட மாரடைப்பும் அதனால் வரும் இறப்பும் 42 சதவீதம் குறைவாக இருந்தது. ஆக, அத்தை சொன்னதில் பாதி சரி. வீட்டு வேலையும் கணக்கில் வரும். மீதிப் பாதி, ஆறரை மணி முதல் பத்து மணி வரையிலான நாற்காலி.

அந்த நாற்காலியை வைத்தே ஒரு வழி கண்டுபிடித்தோம். விளம்பரம் வந்தால் கைப்பிடியைப் பிடிக்காமல் எழுந்து நின்று உட்கார வேண்டும். முடிந்தவரை, மூச்சைப் பிடிக்காமல். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொல்லியிருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் விழுந்தால் சின்ன அடிக்கும் ரத்தம் நிற்க நேரமாகும். தொலைக்காட்சி விளம்பரங்களால் நம் வீட்டில் யாருக்காவது நன்மை விளைந்ததென்றால் அது அத்தைக்கு மட்டும்தான்.

சித்திரை வீதியில் கொஞ்ச நாளில் ஒரு கூட்டம் சேர்ந்தது. வடக்குமாசி வீதியிலிருந்து ஒரு டீச்சர் அக்கா, இட்லிக் கடையை மருமகளிடம் விட்டுவிட்டு வரும் ஒரு பெரியம்மா, அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்று பெருமைப்படும் இன்னொருவர். நடந்து முடித்தால் பருத்திப்பால். சர்க்கரை உள்ளவர்கள் அரைக் கிளாஸ் என்று ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் எத்தனை நாள் மீறப்பட்டது என்று நான் எழுதப் போவதில்லை.

டீச்சர் அக்கா வாரத்தில் பாதி நாள் வரமாட்டார். முழங்கால் வலி என்பார். ஒருநாள் என்னை மட்டும் ஓரமாக அழைத்து உண்மைக் காரணத்தைச் சொன்னார். காலையில் சாப்பிடும் பிபி மாத்திரைகளில் ஒன்று நீரைப் பிரிக்கும் மாத்திரை. சாப்பிட்டால் அரை மணிக்கொரு தரம் போக வேண்டும், வழியில் எங்கே போவது? அதனால் நடக்க வரும் நாளில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார், மாத்திரை போட்ட நாளில் நடையை நிறுத்திவிடுகிறார். டாக்டரிடம் சொன்னீர்களா என்றால், "ஆம்பள டாக்டர்கிட்ட இதப் போயி எப்படிம்மா சொல்ல?" நானே கூடப் போனேன். நடந்து வந்த பிறகு சாப்பிடலாம் என்று டாக்டர் நேரத்தை மாற்றிக் கொடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அத்தைக்கு இப்போது வயது 71. ஸ்டென்ட் அப்படியே இருக்கிறது, மாத்திரைகளும் குறையவில்லை, சர்க்கரை சில மாதம் ஏறும், சில மாதம் இறங்கும். அதே வராந்தாவில் மறுபடி வைத்த சோதனையில் ஆறு நிமிடத்தில் 330 மீட்டர், நடுவில் நிற்காமல்.

மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று தமிழக அரசு 2023 நவம்பரில் ஒரு திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம், 40 வயதுக்காரர்கள் ஷூ மாட்டிக்கொண்டு போகட்டும். எங்கள் கூட்டத்துக்கு 8 கிலோமீட்டர் தேவையில்லை. உங்கள் ஊரில் வார்டு கவுன்சிலரிடமோ குடியிருப்போர் சங்கத்திலோ பேச வாய்ப்பிருந்தால் இரண்டே விஷயங்களைக் கேளுங்கள்: நடக்கும் வழியில் 200 அடிக்கு ஒரு திண்ணை, காலை ஐந்து மணிக்குத் திறக்கும் பெண்கள் கழிப்பறை ஒன்று.